‘அடாத்து’ என்று எழுதிக் காணியை இழக்காதீர்கள்

கேள்வி:

முள்ளியவளையில் அப்பாவின் பெயரில் அரை ஏக்கர் உறுதிக்காணி இருக்கிறது. 2011இல் மீளக்குடியேறி வந்தபோது, அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி குடும்பத்துக்கு (எங்களுக்கு மாமி) இருக்க இடமில்லை என்று அப்பாதான் அந்தக் காணியில் இருக்கச் சொன்னார். எழுத்தில் ஒன்றும் இல்லை. நாங்கள் வவுனியாவிலேயே தங்கிவிட்டோம். 2013இல் மாமிக்கு அந்தக் காணியிலேயே வீட்டுத்திட்ட வீடு கிடைத்தது. அப்பா 2019இல் காலமானார். அம்மா எங்களோடு இருக்கிறா, அக்கா கனடாவில். 2024இல் மாமியின் மூத்த மகன் தன் பெயரில் ஆட்சி உறுதி முடித்துப் பதிந்திருக்கிறார். ஐந்து கிழமைக்கு முன் பின்வளவையும் கிணற்றையும் வளைத்து முள்ளுக்கம்பி அடித்துவிட்டார்கள். கேட்டால், “பத்து வருசம் தாண்டிட்டுது, இனி உங்களால ஒண்டும் ஏலாது” என்கிறார்கள். 2011 தொடக்கம் அடாத்தாகப் பிடித்து வைத்திருக்கும் இவர்களை எழுப்ப வழி உண்டா? மூல உறுதி 2009 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. அவர்களின் கரண்டும் அப்பா கொடுத்த கடிதத்தில்தான் எடுத்தது, அதை வெட்டச் சொல்லலாமா? முத்தையன்கட்டில் அப்பாவின் பேர்மிற் வயல் 2 ஏக்கரை 2012 முதல் வேறொருவர் குத்தகைக்குச் செய்கிறார். அவரும் பத்து வருசக் கதை சொன்னால் என்ன செய்வது?

பதில்:

முதலில் கிணறு. மற்றதெல்லாம் ஒரு மாதம் பொறுக்கும், அது பொறுக்காது.

முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம் (1979இன் 44ஆம் இலக்கம்) 66ஆம் பிரிவில் ஒரு வழி வைத்திருக்கிறது. காணிப் பிணக்கால் கைகலப்பு வரக்கூடும் என்று கண்டால் பொலிசார் அதை நீதிமன்றத்துக்கு அறிக்கையிட வேண்டும். அவர்கள் செய்யாவிட்டால் பிணக்கில் உள்ளவரே சத்தியக்கடதாசியோடு நேரடியாகத் தாக்கல் செய்யலாம். உங்களுக்கு முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றம். அங்கே உறுதி யாருடையது என்று தீர்ப்பதில்லை. தாக்கல் செய்த நாளில் ஆட்சியில் (காணியைக் கையில் வைத்து ஆண்டுகொண்டு) இருந்தவர் யார் என்றுதான் பார்ப்பார்கள். ஒரு விலக்கு உண்டு. தாக்கல் செய்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக ஆட்சியில் இருந்து அகற்றப்பட்டிருந்தால், அவரைத் திரும்ப இருத்தும்படி 68ஆம் பிரிவின் கீழ் கட்டளையிடலாம்.

அந்த இரண்டு மாதம் நீங்கள் பொலிசில் முறைப்பாடு எழுதிய நாளோடு நின்றுவிடுவதில்லை. நீதிமன்றத்தில் தாக்கலாகும் நாள்வரை ஓடும். “இது சிவில் பிரச்சினை, வழக்குப் போடுங்கோ” என்று முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதி அனுப்பிவிடுவார்கள். பிறகு விதானையார் ஒரு நாள் கூப்பிடுவார், இணக்கசபை ஒரு நாள் கூப்பிடும், அதற்குள் அறுபது நாள் போய்விடும். போனபின் இதே 66ஆம் பிரிவு அவர்களுக்கு உதவும், ஏனெனில் தாக்கல் நாளில் வேலிக்கு உள்ளே இருப்பவர்கள் அவர்கள். ஆகவே இந்தக் கிழமையே சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து சத்தியக்கடதாசியைத் தயார் செய்யுங்கள். வேலி அடித்த நாள் உங்களுக்குச் சரியாகத் தெரிய வேண்டும். “போன மாதம் அளவில்” என்று எழுதினால் எதிர்ப்பக்கச் சட்டத்தரணி முதலில் அதைத்தான் பிடிப்பார். தூண் இறக்கிய உழவு இயந்திரக்காரர், அயல்வீட்டார், உங்களுக்கு வந்த முதல் தொலைபேசி அழைப்பின் நேரம், இவற்றால் நாளை நிறுவலாம்.

பின்வளவு அதுவரை உங்கள் ஆட்சியில்தான் இருந்தது என்பதையும் காட்ட வேண்டும். வவுனியாவில் இருந்துகொண்டு முள்ளியவளை வளவை ஆள முடியாது என்றில்லை, உங்களுக்காக ஒருவர் பார்த்தாலும் அது உங்கள் ஆட்சிதான். கிணறு இறைத்தது, தேங்காய் பறித்தது, பனை ஏலம் விட்டது, வருடத்துக்கு ஒருதரம் ஆள்பிடித்து வளவு துப்புரவாக்கியது, அந்தக் கூலிக்கு வங்கியில் போட்ட காசு, எல்லாம் சான்று. வீட்டுக்கும் பின்வளவுக்கும் இடையில் பழைய கதியால் வேலி இருந்திருந்தால், வெட்டிய அடிக்கட்டைகள் இன்னும் நிலத்தில் தெரியும். மழைக்கு முன் போய்ப் படம் எடுங்கள். கட்டை, அதற்குப் பின்னால் புதிய தூண், ஓரத்தில் கிணறு, மூன்றும் ஒரே படத்தில் வரட்டும். உள்ளே இறங்க வேண்டாம், ஒழுங்கையில் நின்று எடுத்தால் போதும்.

இனி ‘அடாத்து’ என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். “அப்பாதான் இருக்கச் சொன்னார்” என்று தொடங்கி, “2011 தொடக்கம் அடாத்தாக” என்று முடிக்கிறீர்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. கோபத்தில் எழுதிய அந்த இரண்டாவது வசனத்தை முறைப்பாட்டிலோ சத்தியக்கடதாசியிலோ எழுதினீர்களானால், அவர்கள் நிரூபிக்க வேண்டியதை நீங்களே நிரூபித்துக் கொடுத்தவர் ஆவீர்கள். சொந்தக்காரரின் உரித்துக்கு எதிராகப் பத்து வருடம் ஆண்டவர் காணிக்கு உரிமை கேட்கலாம் என்பது சட்டம். 2011இல் இருந்து அடாத்து என்றால் 2021இல் அந்தப் பத்து வருடம் முடிந்தது. அனுமதியோடு வந்தார்கள் என்றால் அந்தப் பத்து வருடம் தொடங்கவே இல்லை.

எனவே ஒரே காணிக்கு உங்களிடம் இரண்டு சொல் இருக்க வேண்டும். வீடும் அதைச் சுற்றிய முன்வளவும்: தகப்பனாரின் அனுமதியோடு இருப்பது. பின்வளவும் கிணறும்: இன்ன திகதி பலவந்தமாகப் பிடித்தது. பொலிசில் எழுதும்போது பொலிசார் தங்கள் வழக்கமான வசனத்தில் “பல வருடங்களாக அத்துமீறி” என்று எழுதிவிடுவது உண்டு. கையொப்பமிட முன் வாசித்துப் பாருங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள், பிழையென்றால் திருத்தச் சொல்லுங்கள். முறைப்பாட்டின் பிரதியை எதிர்ப்பக்கமும் எடுக்கும்.

ஏன் இந்த ஒரு சொல்லில் இவ்வளவு தங்கியிருக்கிறது? 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம் 3ஆம் பிரிவில் கேட்பது வெறும் பத்து வருட இருப்பு அல்ல. இடையூறும் இடைமுறிவும் இல்லாத ஆட்சி வேண்டும். அது சொந்தக்காரரின் உரித்துக்கு எதிரானதாக, அல்லது அதில் தங்கியிராததாக இருக்க வேண்டும். வாடகை, விளைச்சலில் பங்கு, சேவை, கடமை என்று இன்னொருவரின் உரிமையை ஏற்றுக்கொள்வதாகக் கருதக்கூடிய எந்தச் செயலும் இருக்கக்கூடாது. ஒருவரின் தயவில் உள்ளே வந்தவரிடம் இவை இல்லை. வந்தபோது எந்த நிலையில் வந்தாரோ அந்த நிலையிலேயே தொடர்கிறார் என்றுதான் சட்டம் கொள்ளும், அது பத்து வருடமானாலும் முப்பதானாலும். நிலையை மாற்ற வேண்டுமானால் சொந்தக்காரருக்குத் தெரியும்படி வெளிப்படையாக ஒரு செயல் செய்ய வேண்டும். “இது இனி என்னுடையது” என்று மனதுக்குள் நினைத்தது கணக்கில் வராது. 1903இல் நகுதா மரிக்கார் எதிர் முகம்மது வழக்கில் அன்று இலண்டனில் இருந்த இறுதி மேன்முறையீட்டு மன்றமான கோமறைக் கழகமும், 1978இல் டி சில்வா எதிர் உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகம் வழக்கில் எங்கள் உயர் நீதிமன்றமும் நின்ற இடம் இதுதான்.

சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 116ஆம் பிரிவும் உங்கள் பக்கம். ஒருவரின் அனுமதியில் காணிக்குள் வந்தவர், அந்த அனுமதியைத் தந்தபோது அவருக்கு உரிமை இருக்கவில்லை என்று பிறகு வாதாட முடியாது. அனுமதி பெற்று இருப்பவர் முதலில் காணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் உரித்து வழக்காட வேண்டும் என்று ருபேரு எதிர் விஜேசூரிய (1998) தீர்ப்பும் சொல்கிறது.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெளிப்படையான மறுப்பு என்று சொல்லக்கூடிய முதல் செயல் 2024 ஆட்சி உறுதி. அதிலிருந்து எண்ணினால் 2034. அவர்கள் வேறு கணக்கும் சொல்லலாம்: அனுமதி தந்தவர் 2019இல் இறந்துவிட்டார், அதோடு அனுமதியும் போய்விட்டது, அன்றிலிருந்து எங்கள் ஆட்சி சுயமானது என்று. அதை ஏற்றாலும் 2029. இடையில் வேறு ஏதாவது நடந்ததா என்பதுதான் நீங்கள் யோசிக்க வேண்டியது. 2012, 2013 அளவில் “எழும்புங்கோ” என்று அப்பா சொல்லி, “மாட்டம், இது எங்கட” என்று அவர்கள் சொன்ன சண்டை ஏதும் உண்டா? யாராவது எழுத்தில் மறுத்தார்களா? இருந்தால் அதைச் சட்டத்தரணியிடம் ஒளிக்காதீர்கள். கணக்கு முழுவதும் அந்த நாளில் இருந்து மாறும்.

ஆட்சி உறுதியைக் கண்டு பயப்படத் தேவையில்லை. நொத்தாரிசு முன்னிலையில் ஒருவர் “நான் இதைப் பத்து வருடத்துக்கு மேலாக ஆண்டு வருகிறேன்” என்று தானே சொல்லி, தானே கையொப்பம் வைத்த கடதாசி அது. பதிந்ததால் உரித்து வராது. ஆட்சியுரிமை கேட்பவர் என்ன செய்தார், எப்போது தொடங்கினார், எந்த எல்லைக்குள் என்று குறித்துச் சொல்லி நிரூபிக்க வேண்டும், பொதுவாக “ஆண்டேன்” என்றால் போதாது என்பது சிராஜுதீன் எதிர் அப்பாஸ் (1994) வழக்கில் உறுதியானது. அரை ஏக்கருக்கும் உறுதி முடித்திருக்கிறார் என்றால், வீடும் முற்றமும் போக மிச்சத்தில் என்ன செய்தார் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டும்.

ஆபத்து வேறு பக்கத்தில் இருக்கிறது. அந்த உறுதியைக் காட்டி மூன்றாமவர் ஒருவருக்கு விற்கலாம், ஈடு வைக்கலாம். காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பதிவேட்டுப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். அதே பக்கத்தில் பதியாமல், காணிப்பெயரையோ எல்லைகளையோ சற்று மாற்றிப் புதுப் பக்கம் திறந்திருக்கவும் கூடும், ஆகையால் காணிப்பெயர், எல்லைக்காரர் பெயர் இரண்டாலும் தேட வேண்டும். பிறகு ஆவணப் பதிவுக் கட்டளைச்சட்டத்தின் 32ஆம் பிரிவின் கீழ் ஒரு கேவியற் பதியுங்கள். அந்தக் காணி பற்றி ஏதாவது சாதனம் பதிவுக்கு வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும். வழக்குப் போட்டபின் வழக்கையும் அதே பக்கத்தில் பதிய வேண்டும். வழக்கு நடக்கும்போது வாங்குபவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டியவராவது அந்தப் பதிவால்தான்.

மூல உறுதி தொலைந்தது வன்னியில் பாதிக் குடும்பங்களின் கதை, அதனால் வழக்குக் கெடாது. நொத்தாரிசு ஒவ்வொரு மாதமும் தான் முடித்த உறுதிகளின் இணைப்பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஆகவே உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் இந்த மூன்றும் தெரிந்தால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். தெரியாவிட்டால் பதிவேட்டுப் பக்கத்தில் அவை இருக்கும். அதுவும் பிடிபடாவிட்டால் அயல்காணிக்காரரின் உறுதியை வாங்கிப் பாருங்கள். எல்லை விபரத்தில் “தெற்கு: இன்னாரின் காணி” என்று உங்கள் தகப்பனார் அல்லது பேரனாரின் பெயர் நிற்கும், தேட ஒரு நுனி கிடைக்கும். பிரதி கையில் வந்ததும் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, வீடு, கிணறு, புது வேலி, பழைய கதியால் கட்டைகள் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிக்கச் செய்யுங்கள்.

அனுமதியை நிரூபிப்பது எப்படி என்பதில்தான் உங்கள் உழைப்பில் பெரும்பங்கு போக வேண்டும். எழுத்தில் ஒன்றுமில்லை என்கிறீர்கள். ஆனால் நீங்களே இரண்டு கடதாசியைச் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று, கரண்ட் எடுக்க அப்பா கொடுத்த கடிதம். “எனது காணியில் குடியிருக்கும் இன்னாருக்கு மின் இணைப்பு வழங்க ஆட்சேபனை இல்லை” என்ற வகையில் அது இருக்குமானால், காணி யாருடையது என்பதை ஏற்றுக்கொண்டு அந்தக் கடிதத்தை மின்சார சபையில் கொடுத்தவர்கள் அவர்களே. மற்றது வீட்டுத்திட்டக் கோவை. பயனாளியாகத் தெரிவாக மாமி கொடுத்த விண்ணப்பத்தில் காணி யாருடையது என்று எழுதியிருக்கிறா, அப்பாவின் சம்மதக் கடிதம் இணைத்திருக்கிறதா, விதானையார் என்ன சிபாரிசு எழுதினார் என்று பாருங்கள். பிரதேச செயலகமும் மின்சார சபையும் தரத் தயங்கினால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். “காணி தொடர்பான விபரம் தரவும்” என்று கேட்டால் ஒன்றும் வராது. பயனாளியின் பெயர், கிராம அலுவலர் பிரிவு, வருடம், வேண்டிய ஆவணம் என்று குறித்துக் கேளுங்கள்.

சின்னச் சின்ன விடயங்களையும் தள்ள வேண்டாம். வருடாவருடம் காட்டாவிநாயகர் கோயில் பொங்கலுக்கு வந்த அப்பாவிடம் ஒரு உரப்பை தேங்காய் கொடுத்து அனுப்பியிருந்தால், அது விளைச்சலில் பங்கு. மலசலகூடம் கட்ட, மாமரம் தறிக்க அப்பாவிடம் கேட்டிருந்தால், அது உரிமையை ஏற்றது. “பொடியன் தலையெடுக்கட்டும் தம்பி, நாங்கள் விட்டிட்டுப் போயிடுவம்” என்று மாமி அனுப்பிய குரல்பதிவு அக்காவின் தொலைபேசியில் கிடந்தால், அது எல்லாவற்றிலும் பெரியது. அதை வெட்டவோ ஒட்டவோ வேறு தொலைபேசிக்கு மாற்றிவிட்டு மூலத்தை அழிக்கவோ கூடாது. வந்த தொலைபேசியே சான்றுப் பொருள். பழைய தொலைபேசியை விற்கவும் வேண்டாம்.

இவை கையில் வந்தபின்தான் சட்டத்தரணியின் கடிதம் போக வேண்டும், பதிவுத் தபாலில். அனுமதியை முறையாக முடித்துவிட்டு, எழும்ப ஒரு திகதி கொடுக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் அவர்கள் சட்டத்தரணி மூலம் மறுப்பு எழுதுவார்கள். அந்த மறுப்பு எழுத்தில் உள்ள தெளிவான எதிர்ப்பு, அந்த நாளில் இருந்து பத்து வருடம் ஓடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுதிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, கடிதம் ஓட்டத்தை நிறுத்தாது. நிறுத்துவது வழக்கு. வழக்கு முல்லைத்தீவு மாவட்ட நீதிமன்றத்தில், உரித்துப் பிரகடனமும் வெளியேற்றமும் இரண்டும் கேட்டு. அனுமதி என்ற ஒரே காலில் நின்றால், அனுமதியை நிரூபிக்க முடியாமல் போகும் நாளில் வழக்கும் விழும். உரித்தை நிறுவிவிட்டால் தாங்கள் எந்த உரிமையில் இருக்கிறோம் என்று காட்டும் பாரம் அவர்கள் தலையில் ஏறும்.

அக்கா கையொப்பமிட வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கூட்டுச் சொந்தக்காரரில் ஒருவரே அந்நியரை முழுக் காணியில் இருந்தும் வெளியேற்ற வழக்காடலாம். ஆனால் இணங்கித் தீர்ப்பதாக இருந்தால் அவவின் அட்டோனித் தத்துவம் (அவவுக்காக இன்னொருவர் கையொப்பமிட அதிகாரம் தரும் பத்திரம்) வேண்டும், இப்போதே எடுத்து வையுங்கள். அம்மாவுக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு என்பது வட மாகாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை உங்களுக்குப் பொருந்துகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மாறும். அதை வழக்குக்கு முன் சட்டத்தரணி தீர்மானிக்க வேண்டும்.

இடையில் ஒன்று. யுத்த காலத்தைக் கழித்துவிடும் சட்டம் இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பற்றியது. அதன் பயனைப் பெறச் சட்டம் வந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டியிருந்தது. உங்கள் கதை 2011இல் தொடங்குகிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முத்தையன்கட்டு வயலுக்குச் சட்டமே வேறு. அது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ்க் கொடுத்த அரச காணி. அதில் பத்து வருடம் இருந்தாலும் ஐம்பது வருடம் இருந்தாலும் எவருக்கும் ஆட்சியுரிமை வராது. அந்த மட்டில் குத்தகைக்காரரைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் அங்கே காணி போவது வேறு வழியால், அதுவும் உங்கள் பிழையால். பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் பேர்மிற் காணியைக் குத்தகைக்குக் கொடுப்பது பேர்மிற் நிபந்தனையை மீறுவது, பேர்மிற்றை இரத்துச் செய்ய அது போதுமான காரணம். அடுத்தது பின்னுரிமை. அப்பா இறந்தபோது பின்னுரித்தாளர் ஒருவரை நியமித்திருந்தாரா? நியமித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் உரிமை அம்மாவுக்கு, ஆனால் இறந்த நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் காணியில் பிரவேசித்து ஆட்சி எடுக்காவிட்டால் அவவின் உரிமை தவறிவிடும். 2019இல் இருந்து நீங்கள் ஒட்டுசுட்டான் பிரதேச செயலகப் பக்கமே போகவில்லை என்றால், கோவையில் “பேர்மிற்காரர் இறந்துவிட்டார், வேறொருவர் பயிர் செய்கிறார்” என்று ஏற்கெனவே எழுதியிருக்கலாம். குத்தகைக்காரர் தனக்குப் பேர்மிற் கேட்டு விண்ணப்பித்தும் இருக்கலாம்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு காணி உத்தியோகத்தரிடம் போங்கள். மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பேர்மிற் அல்லது அதன் இலக்கம், 2019க்குப் பிறகு அம்மாவின் பெயரில் கட்டிய ஏதாவது பற்றுச்சீட்டு இருந்தால் அதுவும். குத்தகைக் காசை அம்மா வாங்கிவந்ததை வைத்து “ஆட்சியில்தான் இருந்தா” என்று வாதாட முந்துவீர்கள். கவனம், அதே வார்த்தை அனுமதியில்லாத குத்தகையை ஒப்புக்கொள்வதும் ஆகும். எதை எப்படிச் சொல்வது என்று சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கமநல சேவை நிலையத்திலும் வயல் இடாப்பில் செய்கையாளராக யாருடைய பெயர் நிற்கிறது என்று பாருங்கள். காலபோகம் விதைக்க முன் இதைச் செய்ய வேண்டும். விதைத்தபின் எழுப்பப் போனால் பயிர் நட்டக் கதையும் சேர்ந்துவிடும்.

கரண்டை வெட்டச் சொல்ல வேண்டாம். இருக்கும் ஆட்களின் தண்ணீரையோ வெளிச்சத்தையோ நிற்பாட்டினால் 66ஆம் பிரிவு மனுவோடு அவர்கள்தான் நீதிமன்றம் போவார்கள். அதைவிட, அந்த இணைப்பு அப்பாவின் கடிதத்தில் நிற்கும்வரை ஒவ்வொரு மாதப் பட்டியலும் உங்கள் சான்று. வாடகை என்று காசு வாங்கத் தொடங்குவதும் வேண்டாம். அனுமதி வாடகையாக மாறினால் அதற்குத் தனிச் சட்டம், தனிச் சிக்கல்.

வீட்டை மறந்துவிடாதீர்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள், அதற்குமேல் மாமி குடும்பமும் கைக்காசு போட்டிருக்கும். அப்பா பார்த்துக்கொண்டிருக்கக் கட்டிய வீடு அது. நீங்கள் வென்றாலும் அந்த மேம்பாட்டுக்கு நட்டஈடு கேட்பார்கள், அது கிடைக்கும்வரை எழும்ப மாட்டோம் என்றும் வாதாடுவார்கள். அந்த வாதத்தை நீதிமன்றம் சும்மா தள்ளிவிடாது. வழக்கு முடிய எத்தனை வருடம் என்பதையும் சேர்த்து யோசித்தால், வீட்டோடு 15, 20 பேர்ச்சைப் பிரித்துக் கொடுத்துவிட்டு மிச்சம் 60, 65 பேர்ச்சையும் கிணற்றையும் சுத்தமாக எடுப்பது பல குடும்பங்களுக்கு நட்டமில்லாத முடிவு. அப்படிச் செய்வதானால் வெள்ளைக் கடதாசி கூடாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும். முதலில் துண்டு பிரித்த வரைபடம், பிறகு அவர்கள் 2024 ஆட்சி உறுதியை இரத்துச் செய்யும் உறுதி, அதன்பின் நீங்கள் கொடுக்கும் உறுதி. இந்த ஒழுங்கு மாறக்கூடாது, மூன்றையும் ஒரே நாளில் ஒரே நொத்தாரிசிடம் முடிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன், ஆட்சி உறுதி முடித்தது மகன், அனுமதி பெற்றது மாமி என்பதைக் கவனியுங்கள். தாயோடு வந்திருந்த பிள்ளை தாயின் நிலையைவிடப் பெரிய நிலையில் வந்திருக்க முடியாது. மாமி இன்னும் இருக்கிறா. மகன் என்ன சொன்னாலும் அவ அப்பாவின் சொல்லை மறுக்க மனம் வராதவவாக இருக்கலாம். கிணற்று வழக்கைத் தாக்கல் செய்துவிட்டு, அம்மா ஒருதரம் போய்ப் பேசட்டும். மாமி சம்மதித்தால் ஒரு ஒப்புக்கொள்ளல் எழுதலாம்: காணியின் எல்லை விபரம், “2011இல் இன்னாரின் அனுமதியோடு குடியிருக்க வந்தேன், இன்றும் அவரின் உரித்தாளிகளின் அனுமதியோடு இருக்கிறேன், எனக்கு வேறு உரிமை இல்லை”, எந்தத் திகதிவரை இருக்கலாம், வீட்டுக்கு என்ன ஏற்பாடு. தமிழில் இருக்கட்டும். அம்மாவும் நீங்களும் எழுதிக் கொண்டுபோய் நீட்ட வேண்டாம், நொத்தாரிசு வாசித்துக் காட்டி விளங்கியதா என்று கேட்டபின் கையொப்பம். கண் மங்கல் என்றால் பெருவிரல் அடையாளமும், வாசித்துக் காட்டியதாக நொத்தாரிசின் குறிப்பும். சாட்சி இருவரும் உங்கள் வீட்டு ஆட்களாக இருக்கக்கூடாது, ஒருவராவது மாமியின் பக்கத்து உறவாக இருக்கட்டும்.